கை மரத்துப் போவது ஏன்?

"கை மரமரவென்று இருக்கிறது" என்று வாழ்நாளில் ஒரு தடவையாவது சொல்லாத மனிதர் அபூர்வம். தலைக்கு அடியில் கையை மடக்கி வைத்துத் தூங்கியவர் சொல்வார். நாள் முழுதும் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்து எழுந்தவர் சொல்வார். பல வருஷங்களாகச் சர்க்கரை வியாதியோடு காலம் தள்ளுகிறவர் சொல்வார். நிறைமாதக் கர்ப்பிணியும் சொல்வார். சொல் ஒன்றுதான். ஆனால் அதன் பின்னால் நிற்கும் காரணங்கள் பல. கையை இரண்டு முறை உதறினால் போய்விடுகிற அற்பத் தொந்தரவும் அவற்றில் உண்டு; கவனியாமல் விட்டால் விரல்களையே பறிகொடுக்கச் செய்யும் நோயும் உண்டு.

வீட்டில் கிடைக்கும் யோசனைகளுக்குக் குறைவில்லை. "வாயுதான், பூண்டு சாப்பிட்டால் போய்விடும்" என்பார் ஒருவர். "ரத்த ஓட்டம் போதவில்லை" என்பார் மற்றொருவர். "நரம்புத் தளர்ச்சி, நாலு ஊசி போட்டுக்கொண்டால் சரியாகிவிடும்" என்று மூன்றாமவர் முடிவு கட்டிவிடுவார். இவர்களில் எவரும் எந்த விரல் மரத்துப் போகிறது, எந்த நேரத்தில் மரத்துப் போகிறது, ஒரு கையா, இரண்டு கையா என்று கேட்பதில்லை. ஆனால் அனுபவமுள்ள டாக்டர் முதன்முதலில் கேட்பது இந்தக் கேள்விகளைத்தான். இவற்றுக்குச் சரியான பதில் கிடைத்துவிட்டால் பாதி வைத்தியம் முடிந்தது போலத்தான்.

நரம்பு செய்யும் வேலை

விரல் நுனியில் ஓர் ஈ உட்கார்ந்தால் உடனே தெரிகிறது. விரலிலிருந்து தண்டுவடத்துக்கும், அங்கிருந்து மூளைக்கும் செய்தி போய்ச் சேர்ந்ததே அதற்குக் காரணம். அந்தச் செய்தியைக் கொண்டு போவது நரம்பு. வெளியே பார்த்தால் வெள்ளைக் கயிறு போலத் தோன்றும் ஒவ்வொரு நரம்புக்குள்ளும் ஆயிரக்கணக்கான மெல்லிய இழைகள் இருக்கின்றன. ஒவ்வோர் இழையும் மின்சாரத் துடிப்புகளாகச் செய்தி அனுப்புகிறது.

இந்த இழைகள் எல்லாம் ஒரே மாதிரியானவை அல்ல. பருமனான இழைகள் தொடுவுணர்ச்சியை விநாடிக்கு 50 மீட்டர் அல்லது அதற்கும் மேற்பட்ட வேகத்தில் கொண்டு செல்கின்றன. மிக மெல்லிய இழைகள் வலியையும் சூட்டையும் விநாடிக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் வேகத்தில் மெதுவாகக் கொண்டு செல்கின்றன. கால் விரல் கல்லில் இடித்துக்கொண்டதும், இடித்தது முதலில் தெரிந்து, எரிச்சலோடு கூடிய வலி சற்றுப் பின்னால் வருவது இதனால்தான். இழைகளின் பருமனுக்கும் வேகத்துக்கும் உள்ள சம்பந்தத்தை ஆராய்ந்த ஜோசப் எர்லாங்கர், ஹெர்பர்ட் காசர் என்ற இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 1944-ம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது.

நரம்பும் உயிருள்ள பொருள்தான். அதற்கும் ரத்தம் வேண்டும். கையின் மேல் படுத்துத் தூங்கும்போது நரம்பும், அதற்கு உணவூட்டும் நுண்ணிய ரத்தக் குழாய்களும் நசுங்குகின்றன. சிறிது நேரத்தில் நரம்பு செய்தி அனுப்புவதை நிறுத்திவிடுகிறது. கை மரக்கட்டை போல் ஆகிறது. புரண்டு படுத்ததும் ரத்தம் பாய்கிறது. நரம்பு மறுபடியும் உயிர் பெறுகிறது. ஆனால் எல்லா இழைகளும் ஒரே சமயத்தில் ஒழுங்காக வேலை தொடங்குவதில்லை. ஒவ்வொன்றும் தன் மனம் போனபடி துடிக்கிறது. அந்தக் குழப்பமே ஊசி குத்துவது போலவும், எறும்பு ஊர்வது போலவும் தோன்றுகிறது. சில நிமிஷங்களில் எல்லாம் அடங்கிவிடும். இதற்கு வைத்தியம் வேண்டியதில்லை.

ஆனால் அழுத்தம் பல மணி நேரம் நீடித்தால் கதை வேறு. மது அருந்திவிட்டு நாற்காலியின் முதுகில் கையைத் தொங்கவிட்டுத் தூங்கிப் போகிறவர்களுக்கு, மறுநாள் காலையில் மணிக்கட்டை மேலே தூக்க முடியாமல் போவதுண்டு. மேற்கையின் எலும்பை ஒட்டிச் சுற்றிவரும் நரம்பு இரவெல்லாம் நசுங்கியிருந்ததே காரணம். மயக்கத்தில் இருந்தவருக்குக் கை மரத்ததும் தெரியவில்லை, புரண்டு படுக்கவும் தோன்றவில்லை. பெரும்பாலோருக்கு இது சில வாரங்களில் அல்லது மாதங்களில் குணமாகிவிடுகிறது.

உள்ளங்கையில் ஒரு வரைபடம்

கையின் உணர்ச்சியை மூன்று நரம்புகள் பங்கிட்டுக்கொண்டிருக்கின்றன. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலின் ஒரு பாதி ஆகியவற்றின் உள்பக்கம் மீடியன் என்ற நரம்பின் ஆட்சியில் இருக்கிறது. சுண்டுவிரலும், மோதிர விரலின் மறு பாதியும் அல்நர் என்ற நரம்புக்குச் சொந்தம். புறங்கையில் கட்டைவிரல் பக்கத்தை ரேடியல் நரம்பு கவனித்துக்கொள்கிறது. மோதிர விரல் ஒன்றே இரண்டு நரம்புகளுக்கு எல்லைக் கல்லாக நிற்பது வேடிக்கைதான். அதன் ஒரு பக்கம் மரத்து, மறு பக்கம் நன்றாக இருந்தால், டாக்டருக்கு அதைவிடத் தெளிவான சாட்சியம் வேண்டியதில்லை.

ஆகவே "கை மரத்துப் போகிறது" என்று பொதுவாகச் சொல்வதைவிட, கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு விரலையும் பஞ்சால் தடவிப் பார்த்து, எங்கே உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று அறிந்து சொல்வது எவ்வளவோ மேல்.

மணிக்கட்டில் ஒரு சுரங்கம்

முதல் மூன்று விரல்கள் மரத்துப் போகின்றன. பகலைவிட இரவில் அதிகம். நடுநிசியில் தூக்கம் கலைகிறது. எழுந்து உட்கார்ந்து கையை உதறினால் கொஞ்சம் சுகம். காலையில் காப்பி டம்ளரைப் பிடித்தால் நழுவுகிறது. பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடித்து நின்றாலும், செல்பேசியைக் காதில் வைத்து நெடுநேரம் பேசினாலும் குறுகுறுப்பு வந்துவிடுகிறது. இப்படிச் சொல்பவர்களில் பெரும்பாலோருக்குக் கோளாறு இருப்பது மணிக்கட்டில்.

மணிக்கட்டின் உட்புறத்தில் எலும்புகள் தரையும் சுவரும் ஆகவும், கெட்டியான ஒரு தசைநாண் பட்டை கூரையாகவும் அமைந்த குறுகிய சுரங்கம் ஒன்று இருக்கிறது. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும், மீடியன் நரம்பும் அதற்குள் நெருங்கிச் செல்கின்றன. உள்ளே சிறிது வீக்கம் கண்டாலும் போதும், எலும்பு விலகாது, பட்டை இளகாது, நசுங்குவது நரம்புதான். தூக்கத்தில் மணிக்கட்டு மடங்கிப் போவதால் சுரங்கத்தில் அழுத்தம் கூடுகிறது. இரவில் தொந்தரவு அதிகமாவது அதனால்தான்.

மணிக்கட்டு எலும்பு முறிந்த பின் இந்த நரம்பு நசுங்கியதை 1854-ம் ஆண்டிலேயே ஜேம்ஸ் பாஜெட் என்ற ஆங்கில ரணசிகிச்சை நிபுணர் எழுதி வைத்தார். ஆயினும் நூறு வருஷங்கள் கழித்து, 1950-க்குப் பிறகு, ஜார்ஜ் பேலன் என்ற அமெரிக்க டாக்டர் நோயாளி நோயாளியாகப் பரிசோதித்துக் கட்டுரைகள் எழுதிய பின்னரே இது எவ்வளவு சாதாரணமான நோய் என்பதை வைத்திய உலகம் உணர்ந்தது. அதுவரை இரவில் கை மரக்கிறது என்று சொன்ன பெண்களுக்குக் கழுத்துக் கோளாறு என்றோ, மனக் கோளாறு என்றோ பெயர் சூட்டி அனுப்பியவர்கள் பலர். இரண்டு புறங்கைகளையும் ஒன்றோடொன்று சேர்த்து, விரல்கள் கீழே தொங்க, மணிக்கட்டை மடக்கி ஒரு நிமிஷம் வைத்திருக்கச் சொல்லும் சோதனை பேலனின் பெயரால் இன்றும் வழங்குகிறது. அந்த ஒரு நிமிஷத்துக்குள் முதல் மூன்று விரல்களில் குறுகுறுப்பு வந்தால் சந்தேகம் வலுக்கிறது.

ஆண்களைவிடப் பெண்களுக்கே இது அதிகம் வருகிறது. கர்ப்ப காலத்தில் உடம்பில் நீர் கோத்துக்கொள்வதால் வரும். பிரசவமான பின் பெரும்பாலும் தானே போய்விடும். தைராய்டு சுரப்பி மந்தமானவர்களுக்கும், மூட்டு வாதம் உள்ளவர்களுக்கும், சர்க்கரை வியாதிக்காரர்களுக்கும் வரும். மணிக்கட்டை மடக்கித் திரும்பத் திரும்ப விசையோடு வேலை செய்கிறவர்களுக்கும், அதிரும் கருவிகளைப் பிடித்துப் பிழைப்பு நடத்துகிறவர்களுக்கும் வரும்.

அதிரும் கருவிகள் செய்யும் தீங்கு இதோடு நிற்பதில்லை. அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தின் பெட்போர்டு என்னும் ஊரில், காற்றழுத்தச் சுத்தியலால் சுண்ணாம்புக் கல் செதுக்கிய தொழிலாளர்களின் விரல்கள், குளிர் வேளையில் பிணத்தின் விரல்கள் போல் வெளுத்து மரத்துப் போயின. ஆலிஸ் ஹாமில்டன் என்ற பெண் டாக்டர் 1918-ம் ஆண்டில் அங்கே சென்று, அவர்களை நேரில் பரிசோதித்து, சுத்தியலின் அதிர்ச்சியே காரணம் என்று அறிக்கை கொடுத்தார். இன்று கல் குவாரியில் துளைக் கருவி பிடிப்பவருக்கும், சாலையை உடைக்கும் யந்திரம் பிடிப்பவருக்கும் அதே எச்சரிக்கை பொருந்தும்.

மணிக்கட்டு நரம்பு நசுங்கியவர்களுக்கு ஆரம்பத்தில் செய்ய வேண்டியது மிகச் சாமானியமானது. இரவில் மணிக்கட்டை நேராக நிறுத்தி வைக்கும் பட்டை ஒன்றைக் கட்டிக்கொண்டு படுத்தாலே பலருக்குக் குணம் தெரிகிறது. சிலருக்குச் சுரங்கத்துக்குள் ஓர் ஊசி மருந்து செலுத்துகிறார்கள். இவற்றுக்கும் மசியாவிட்டால், கையை மட்டும் மரக்கச் செய்து, கூரைப் பட்டையைக் கீறி விடுவிக்கும் சிறிய ஆபரேஷன் இருக்கிறது. ஆபத்து தாமதத்தில்தான். கட்டைவிரலின் அடியில் உள்ள சதை மேடு வற்றிக் குழி விழுந்துவிட்ட பிறகு வந்தால், ஆபரேஷன் செய்தாலும் இழந்த பலம் முழுவதும் திரும்புவது கஷ்டம்.

முழங்கையும் கழுத்தும்

முழங்கையின் உட்புறம் எங்கேனும் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரையில் ஷாக் அடித்தது போல் பாய்வதை அனுபவிக்காதவர் யார்? அங்கே எலும்புக்கும் தோலுக்கும் நடுவில் பாதுகாப்பின்றிச் செல்கிறது அல்நர் நரம்பு. மேஜை விளிம்பில் முழங்கையை ஊன்றியே உட்காருகிறவர்களுக்கும், கையை நன்றாக மடக்கித் தூங்குகிறவர்களுக்கும் சுண்டுவிரல் மரப்பது இதனால் வருகிறது. நாளடைவில் விரல்களை விரிக்கும் சிறு சதைகள் வற்றி, பொத்தான் மாட்டுவதும் சாவி திருப்புவதும்கூடச் சிரமமாகலாம்.

கழுத்து எலும்புகளுக்கிடையே நரம்பின் வேர் நசுங்கினாலும் கை மரக்கும். அப்பொழுது கழுத்திலோ தோளிலோ வலி இருக்கும். கழுத்தைத் திருப்பினால் கை வழியாகச் சுரீரென்று இறங்கும். இரண்டு கைகளும் மரத்து, நடையும் தள்ளாடினால் தண்டுவடமே நசுங்குகிறது என்று சந்தேகிக்க வேண்டும். அதைத் தள்ளிப்போடக் கூடாது.

இரண்டு கையும் சேர்ந்து மரத்தால்

ஒரு நரம்பு நசுங்கினால் ஒரு கையில் சில விரல்கள்தான் மரக்கும். இரண்டு கைகளும் கையுறை மாட்டினது போல ஒரே அளவில் மரத்தால், கோளாறு உடம்பு முழுவதையும் சேர்ந்தது. பெரும்பாலும் அது முதலில் கால்களில்தான் தொடங்கும். நீண்ட இழைகளைப் பராமரிப்பது நரம்புக்குக் கஷ்டம். உடம்பிலேயே நீண்டவை பாதத்துக்குப் போகும் இழைகள். பாதத்தில் தொடங்கிய மரப்பு முழங்கால் உயரத்துக்கு ஏறும் சமயத்தில் விரல் நுனிகளிலும் அது தென்படும்.

இவ்விதம் வருவதற்கு முதற் காரணம் சர்க்கரை வியாதி. இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு அது இருப்பதாக 2023-ம் ஆண்டில் வெளியான தேசிய ஆய்வு கூறுகிறது. தமக்குச் சர்க்கரை இருப்பதே தெரியாமல், பாதம் மதமதக்கிறது என்று வந்த இடத்தில் கண்டுபிடிக்கப்படுபவர்களும் உண்டு.

அடுத்த காரணம் உணவுக் குறை. புழுங்கல் அரிசியின் பெருமை இங்கேதான் விளங்கும். டச்சுக்காரர் ஆண்ட ஜாவாத் தீவில், 1890-க்குப் பின்வந்த ஆண்டுகளில், தீட்டிய வெள்ளை அரிசி தின்ற கோழிகள் காலிழந்து விழுவதையும், தவிடு கொடுத்ததும் எழுந்து நடப்பதையும் கண்டார் கிறிஸ்டியான் எய்க்மன் என்ற டாக்டர். கை கால் மரத்து, நடை தளர்ந்து, இதயமும் ஓயும் பெரிபெரி நோய்க்குத் திறவுகோல் அந்தத் தவிட்டில் இருந்தது. 1929-ம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசு அளிக்கப்பட்டது. தவிட்டில் இருந்த ஜீவசத்தே தயாமின் என்னும் வைட்டமின் பி1. அதை 1936-ம் ஆண்டில் ரசாயன முறையில் தயாரித்துக் காட்டிய ராபர்ட் வில்லியம்ஸ், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூரில் பிறந்தவர். அதே மாகாணத்தில், பச்சரிசியை ஆலையில் தீட்டி உண்ட வட சர்க்கார் ஜில்லாக்களில் பெரிபெரி வேரூன்றியிருந்தது. புழுங்கல் அரிசி உண்ட தமிழ் ஜில்லாக்களில் அது அபூர்வம். நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயாமின் அரிசிக்குள் இறங்கிவிடுவதால், பிறகு தீட்டினாலும் அது முழுதும் போய்விடுவதில்லை. ஜீவசத்து என்ற சொல்லையே அறியாத பாட்டிமார்கள் நெல் அவித்துக் குடும்பத்தின் நரம்புகளைக் காத்திருக்கிறார்கள்!

இன்று பெரிபெரி குறைந்துவிட்டது. மிதமிஞ்சி மது அருந்துகிறவர்களிடம் மட்டும் அடிக்கடி தலை காட்டுகிறது. அதன் இடத்தில் வைட்டமின் பி12 குறைவு வந்திருக்கிறது. 1948-ம் ஆண்டில் பிரித்தெடுக்கப்பட்ட இந்தச் சத்து, மாமிசம், மீன், முட்டை, பால் ஆகியவற்றில்தான் இருக்கிறது, காய்கறியில் இல்லை. மரக்கறி உணவுக்காரர்கள் பாலையும் தயிரையும் குறைத்துக்கொண்டால் நாளடைவில் இது குறையும். வயிற்றிலிருந்து சத்தை உறிஞ்சும் சக்தி குன்றிய முதியவர்களுக்கும் குறையும். சர்க்கரை வியாதிக்கு மெட்பார்மின் மாத்திரையைப் பல வருஷம் சாப்பிடுகிறவர்களுக்கும் குறையலாம். இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. அத்தகையவருக்குக் கால் மரத்தால் சர்க்கரையின் மேல் பழி போட்டுவிட்டு, பி12 குறைவை எவரும் தேடாமல் விட்டுவிடலாம். ரத்தத்தில் பார்த்தால் தெரிந்துவிடும். காலத்தில் கண்டுபிடித்தால் குணப்படுத்தவும் முடியும்.

காசநோய்க்குக் கொடுக்கும் ஐசோனியசிட் என்ற மருந்தும் விரல்களை மரக்கச் செய்யக்கூடும். அதைத் தடுக்கப் பி6 மாத்திரை சேர்த்துக் கொடுப்பது வழக்கம். அதற்காகப் பி6 எவ்வளவு சாப்பிட்டாலும் நல்லது என்று எண்ணிவிடக் கூடாது. அளவுக்கு மீறினால் அதே பி6 நரம்பைக் கெடுக்கிறது. "நரம்புச் சத்து மாத்திரை" என்று கடையில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்குகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

வேலூரில் வெளிப்பட்ட உண்மை

இதுவரை சொன்னவற்றில் நோயாளியே முறையிடுகிறார். குறுகுறுக்கிறது, குத்துகிறது என்று சொல்லிக்கொண்டு டாக்டரிடம் வருகிறார். முறையீடே இல்லாமல் வரும் மரப்பு ஒன்று உண்டு. கொடியது அதுதான்.

தொழுநோய்க் கிருமியை 1873-ம் ஆண்டில் நார்வே நாட்டின் ஹான்சன் கண்டுபிடித்தார். அந்தக் கிருமி நரம்பின் உறைக்குள் குடியேறும் தன்மையுள்ளது. உடம்பின் குளிர்ந்த பகுதிகளே அதற்குப் பிடிக்கும். ஆகவே முழங்கையிலும் மணிக்கட்டிலும் தோலுக்கு அருகில் ஓடும் நரம்புகளைத் தாக்குகிறது. விரல்கள் மரக்கின்றன, மடங்கி நகம் போல் வளைகின்றன, பிறகு ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வருகின்றன. நோயினால் சதை அழுகி விரல் உதிர்கிறது என்றுதான் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக உலகம் நம்பியது.

அந்த நம்பிக்கையைத் தகர்த்தவர் டாக்டர் பால் பிராண்ட். ஆங்கிலப் பாதிரியார் தம்பதியின் மகனாக 1914-ம் ஆண்டில் கொல்லிமலையில் பிறந்தவர். இங்கிலாந்தில் ரணசிகிச்சை பயின்று, 1946-ம் ஆண்டில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். மறு ஆண்டு, தொழுநோய் நிபுணர் ராபர்ட் காக்ரேன் அவரைச் செங்கற்பட்டில் இருந்த தொழுநோய் விடுதிக்கு அழைத்துச் சென்று காட்டினார். அங்கே விரல் வளைந்த ஒரு நோயாளியின் கையைப் பற்றிய பிராண்ட் திடுக்கிட்டார். செத்துவிட்டதாக அவர் நினைத்த அந்தக் கை, அவர் கையை இடுக்கி போல் நெரித்தது! சில சதைகள்தான் செயலற்றவை. மற்றவை பழுதின்றி இருந்தன. அப்படியானால் நல்ல சதையின் தசைநாணை எடுத்துச் செயலற்ற விரலுக்கு இணைத்தால் என்ன? அந்த யோசனையிலிருந்து பிறந்த ஆபரேஷன்கள் மூடிய கைகளைத் திறந்தன; பிச்சைக்கு நீண்ட கைகள் உளி பிடித்தன. பிறகு ஏற்பட்ட நவஜீவ நிலையத்தில் குணமானவர்கள் தங்கித் தொழில் கற்றார்கள்.

ஆனால் விரல்கள் குறைவது ஏன் என்ற புதிர் இன்னும் அவிழவில்லை. ஒரு நாள் துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் திறக்க முடியாமல் பிராண்ட் தவித்தபோது, நோயாளிச் சிறுவன் ஒருவன் முன்வந்து சாவியைத் திருப்பித் திறந்து கொடுத்தான். அவ்வளவு பலம் அவனுக்கு எங்கிருந்து வந்தது? அவன் விரலைப் பார்த்தபோது சாவி எலும்பு வரையில் வெட்டியிருந்தது. பையனுக்கு அது தெரியவே இல்லை! பலம் கூடுதலாக இருந்தது என்பது அல்ல. போதும் நிறுத்து என்று சொல்லும் வலிதான் அவனிடம் இல்லை. அது முதல் ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் தேடினார்கள். அடுப்பிலிருந்து வெறுங்கையால் எடுத்த பாத்திரம், விரலிடுக்கில் எரிந்து தீர்ந்த பீடி, கைப்பிடியில் துருத்திய ஆணி என்று ஒவ்வொன்றும் கண்டுபிடிக்கப்பட்டது. தூங்கும்போது காணாமற்போன விரல்களுக்கு மட்டும் காரணம் தெரியவில்லை. இரவில் விழித்திருந்து பார்த்தார்கள். எலிகள் வந்து கடித்துக்கொண்டிருந்தன, உறங்குகிறவர் அசையவில்லை. பிறகு நோயாளிகள் பூனை வளர்த்தார்கள், விரல்கள் தப்பின.

விரலைத் தின்றது கிருமி அல்ல, வலியின்மை. இந்த உண்மை வேலூரிலிருந்து உலகெங்கும் பரவியது. 1966-ம் ஆண்டில் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்ற பிராண்ட், சர்க்கரை வியாதியால் பாதம் மரத்தவர்களுக்கும் அதே பாடம் பொருந்தும் என்று காட்டினார். இன்று சர்க்கரை வியாதிக்காரர் தினமும் பாதத்தைப் பார்க்க வேண்டும், மெத்தென்ற செருப்பு அணிய வேண்டும் என்று சொல்லப்படுவதற்குப் பின்னால் அந்த ஏழைத் தொழுநோயாளிகளின் கைகள் இருக்கின்றன. பிராண்ட் 2003-ம் ஆண்டில் காலமானார்.

தொழுநோய் ஒழிந்துவிட்டது என்று நினைப்பவர்கள் பலர். பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற நிலையை இந்தியா 2005-ம் ஆண்டில் எட்டியது மெய்தான். ஆனாலும் உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இந்தியர்கள். தோலில் வெளிறிய அல்லது சிவந்த தேமல் போன்ற படை. அதில் தொட்டால் உணர்ச்சி இல்லை. அரிப்பும் இல்லை, வலியும் இல்லை. இது கண்டால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் போதும். 1980-க்குப் பிறகு வழக்கத்துக்கு வந்த கூட்டு மருந்துச் சிகிச்சை, நோயின் வகையைப் பொறுத்து ஆறு மாதமோ ஒரு வருஷமோ, இலவசமாகக் கிடைக்கிறது. நோய் முற்றிலும் குணமாகிறது. மருந்து தொடங்கிய பின் அவரிடமிருந்து பிறருக்குப் பரவுவதும் விரைவில் நின்றுவிடுகிறது. ஆனால் செத்த நரம்பை மருந்து உயிர்ப்பிக்காது. அவமானத்துக்கு அஞ்சி மறைத்து வைக்கும் ஒவ்வொரு மாதமும் விரல்களின் கணக்கில் எழுதப்படுகிறது.

மரத்த கையைக் காப்பது

உணர்ச்சி குறைந்த கைக்குக் கண்ணே காவல். அடுப்பிலிருந்து பாத்திரத்தை இறக்கப் பிடிதுணியோ இடுக்கியோ வேண்டும். கருவிகளின் கைப்பிடியில் துணி சுற்றிக்கொள்வது நல்லது. வெந்நீரின் சூட்டை மரத்த கையால் பார்க்கக் கூடாது. நல்ல இடத்தால் பார்க்க வேண்டும், அல்லது பிறரைப் பார்க்கச் சொல்ல வேண்டும். தினமும் படுக்கப் போகுமுன் வெளிச்சத்தில் இரண்டு கைகளையும், சர்க்கரை உள்ளவர்கள் பாதங்களையும், திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். வலிக்காத புண்ணுக்குத்தான் முதலில் மருந்து போட வேண்டும். ஒத்தடம் கொடுக்கிறேன் என்று மரத்த கையில் சுடச்சுட மணல் மூட்டையை வைத்துக் கொப்புளம் வாங்கிக்கொள்பவர்கள் உண்டு. அதைத் தவிர்க்க வேண்டும்.

உடனே ஓட வேண்டிய சமயம்

நின்றாற்போல் நின்று ஒரு பக்கத்துக் கை திடீரென்று மரத்து, வாய் கோணினாலும், பேச்சுக் குழறினாலும், கால் துவண்டாலும், அது மூளைக்குப் போகும் ரத்தம் தடைப்பட்டதன் அறிகுறி. எண்ணெய் தேய்த்து நீவிக்கொண்டிருக்கும் நேரம் அல்ல அது. 108-க்குச் சொல்லி, பெரிய ஆஸ்பத்திரிக்கு விரைய வேண்டும். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. கை தானே சரியாகிவிட்டாலும் போகத்தான் வேண்டும்; பின்னால் வரும் பெரிய தாக்குதலுக்கு அது முன்னறிவிப்பாக இருக்கலாம். மார்பில் அழுத்தமும் வியர்வையும் சேர்ந்து இடது கை மரத்தால் இதயத்தைச் சந்தேகிக்க வேண்டும். பயத்தினாலும் பதற்றத்தினாலும் வேகமாக மூச்சு வாங்கும்போது கைகளும் உதட்டோரமும் குறுகுறுப்பது உண்டு. மூச்சு நிதானப்பட்டதும் அது அடங்கிவிடும். ஆனால் இது வெறும் பதற்றம்தான் என்று தீர்மானிக்கும் பொறுப்பை டாக்டரிடம் விடுவதே விவேகம்.

மற்றச் சமயங்களில் அவசரம் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். எந்த விரல், எந்த வேளை, ஒரு கையா இரண்டு கையா, காலிலும் உண்டா, கையில் பலம் குறைந்திருக்கிறதா, என்னென்ன மருந்து சாப்பிடுவது என்று ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டு போனால் டாக்டருக்குப் பேருதவி. ரத்தத்தில் சர்க்கரை, தைராய்டு, பி12 ஆகியவற்றைப் பார்ப்பார். தேவைப்பட்டால் நரம்பின் வேகத்தை மின்சாரக் கருவியால் அளக்கச் சொல்வார்.

அறுந்து நைந்த நரம்பு மறுபடி வளரும் வேகம் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மில்லி மீட்டர்தான். முழங்கையிலிருந்து விரல் நுனி வரை அது ஊர்ந்து வர ஒரு வருஷத்துக்கு மேல் பிடிக்கும். இழப்பது விரைவு, திரும்பப் பெறுவது தாமதம். குறுகுறுக்கும் கை இன்னும் உயிரோடு இருக்கிறது. தன் குறையைச் சொல்கிறது. அது சொல்லிக்கொண்டிருக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது.